இசப்கோல் உமி: குடல் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்கு எப்படி இருந்தது

பெருங்குடலின் இடப்பக்கத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் எனக்கு. தையல் வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஓயாமல் கழிவறைக்குப் போய் வந்ததுதான் ஆளை உருக்கியது. போனால் கொஞ்சம் வரும், முழுசாகப் போன திருப்தி இருக்காது, வந்து படுத்ததும் மறுபடி முட்டும். இன்றைக்குத் தண்ணீராகப் போகும், நாளைக்கு இறுகிக்கொள்ளும். உள்காயம் ஆறிவிட்டது என்று உறுதியான பிறகு சர்ஜன் எழுதிக்கொடுத்தது எதுவும் கலக்காத இசப்கோல் உமி. சில டப்பாக்களில் சைலியம் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

மலச்சிக்கலுக்குக் கொடுப்பதை எனக்கு எதற்கு என்று கேட்டேன். சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 லிட்டர் வரை நீர் வந்து சேருமாம். அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. நீளம் குறைந்த குடல் அதற்குப் பழக நாளாகும். இந்த உமி நீரைப் பிடித்துக் கூழாகிவிடுவதால், இளகிப் போவதைத் திரட்டிக் கொடுக்கும், இறுகுவதை ஈரமாக வைத்திருக்கும். அதனால்தான் இரண்டு பக்கத்துக்கும் உதவுகிறது.

எனக்கு உண்மையிலேயே உதவியது. ஆனால் உடனே இல்லை. 12 முதல் 72 மணி நேரம் பிடிக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பொறுமையாக இருந்தேன். அரைத் தேக்கரண்டியில் ஆரம்பித்து மெதுவாகத்தான் கூட்டினேன். முதலில் வந்த மாற்றம், போனால் ஒரே தடவையில் போனது. அந்த நிம்மதி, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்! இரவில் எழுவதும் நன்றாகக் குறைந்தது.

குடிப்பது கொஞ்சம் சிரமம்தான். ருசி என்று எதுவும் இல்லை. தம்ளரில் போட்டதும் மேலே மிதக்கும், கலக்கினால் விளிம்பில் ஒட்டும், கொஞ்சம் தாமதித்தாலும் வழவழவென்று கட்டியாகிவிடும். கலக்கிய கையோடு குடித்துவிட்டு, அதே தம்ளரில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிக் குடித்துவிடுவேன். தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒரு முழு தம்ளர், ஏறக்குறைய 240 மில்லி வேண்டும். குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார்கள், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராதாம்.

வாயுத் தொல்லைக்கு இதை நம்பி வாங்காதீர்கள். எனக்கு ஆரம்பத்தில் உப்புசம் கொஞ்சம் கூடவே செய்தது. அதற்கு வீட்டுக்குள்ளேயே மெதுவாக நடந்ததும், இடது பக்கமாகச் சாய்ந்து படுத்ததும்தான் கைகொடுத்தன.

வாசனை சேர்த்த பொடியையும் வாங்கிப் பார்த்தேன். குடிக்க எளிது, ஆனால் அதில் சர்க்கரையோ இனிப்பூட்டியோ இருக்கும். புண்பட்ட குடலுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. வெறும் உமியே மேல். நான் வாங்கிய பாக்கெட்டின் ஜிப்தான் எரிச்சல்: உமி பள்ளத்தில் மாட்டிக்கொண்டு மூடவே மூடாது, ஈரக் காற்று பட்டதும் கட்டி தட்டிவிடும். வாங்கியதும் காய்ந்த டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு விஷயம் முக்கியம். ஆபரேஷன் ஆன புதிதிலோ, குடலில் சுருக்கம் இருக்கிறது என்று சொல்லியிருந்தாலோ, இதைத் தொடக்கூடாது. உங்கள் சர்ஜன் சரி என்று சொன்ன பிறகு ஆரம்பியுங்கள். வயிறு கல் மாதிரி வீங்கி, வாந்தி வந்து, காற்றும் பிரியவில்லை என்றால் எதையும் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைத்த ஒன்று அந்த பாக்கெட்டுக்காக.