குழந்தை ஞானஸ்நானமா, முழுக்கு ஞானஸ்நானமா?

திருநெல்வேலிப் பக்கம் ஒரே வீட்டில் இரண்டு வழக்கமும் இருக்கும். அம்மா சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை), மகன் பெந்தெகொஸ்தே. பேச்சு ஞானஸ்நானத்தில், அதாவது தண்ணீரால் ஒருவரைக் கிறிஸ்தவ சபையில் சேர்க்கும் சடங்கில், வந்து நின்றால் சாப்பாடு ஆறிவிடும்.

சிஎஸ்ஐயிலும் கத்தோலிக்கத்திலும் கைக்குழந்தைக்கே ஞானஸ்நானம் உண்டு. குழந்தைக்கு ஒன்றும் புரியாது, சரி. ஆனால் கடவுளின் அருள் நம் புரிதலுக்காகக் காத்திருப்பதில்லை என்பது இவர்கள் வாதம். பிலிப்பி சிறைக்காவலன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றதை (பைபிளில் அப்போஸ்தலர் 16) எடுத்துக் காட்டுவார்கள். பெயர் சபைப் பதிவேட்டில் ஏறும். அடையாளம் குடும்பத்தின் வழியாக வருகிறது. வளர்ந்த பிறகு, அதற்கான வகுப்பு முடிந்ததும், அவரவர் தன் நம்பிக்கையை உறுதிசெய்ய, சிஎஸ்ஐயில் பிஷப் கைவைத்துத் திடப்படுத்துவார். அந்த வகுப்புக்குப் பலர் புது உடைக்காகவே போகிறார்கள் என்பது வேறு கதை.

பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் நம்பிக்கையை வாயால் அறிக்கையிட்டவருக்குத்தான் ஞானஸ்நானம், அதுவும் முழுக்கு, உடல் முழுவதையும் தண்ணீரில் அமிழ்த்துவது. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன்" என்ற பைபிள் வசனத்தின் வரிசையைப் பார், விசுவாசம்தான் முதலில் என்பார்கள். இங்கே அடையாளம் பிறப்பால் வருவதல்ல, தானே எடுக்கும் முடிவு. இதற்காக உயிரையே கொடுத்தவர்கள் உண்டு: சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் 1525இல், குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்களே மறுபடி பெறும் மறுஞானஸ்நானம் தொடங்கியது, 1527இல் அதன் தலைவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ட்ஸை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள்.

உண்மையான உரசல் தண்ணீரின் அளவில் இல்லை. மகன் மறுபடி முழுக்கு எடுத்தால், முதலில் நடந்தது செல்லாது என்றாகிவிடுகிறது. அம்மாவுக்கு வலிப்பது அதுதான். எனக்கு முதல் வழக்கத்தின் பக்கம் சாய்வு உண்டு. ஆனாலும் மகன் தன் முடிவைச் சொல்லும்போது அவன் குரலில் இருக்கும் தெளிவைப் பதிவேட்டில் பார்த்ததில்லை.