என்.ஆர்.வி.யா, அரை அடி இடைவெளியா: எங்கள் சம்ப்புக்கு எது சரிப்பட்டது

எங்கள் குடியிருப்பில் எட்டு வீடுகள். தென்சென்னை. மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியத்தின் தெருக்குழாய்த் தண்ணீர்) ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும், தரைக்கடியில் இருக்கும் 12,000 லிட்டர் சம்ப்பில் இறங்கும், அங்கிருந்து மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். குளியலறைகளுக்குப் போர் தண்ணீர், தனித் தொட்டி. சென்னையில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

2023 பிப்ரவரியில் வாட்ச்மேன் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். "ஏழு மணிக்குத் தண்ணி நிக்கும்போது சம்ப் முக்காவாசி இருக்கு சார். மோட்டாரே போடல. ஒம்போது மணிக்குத் தெறந்தா ஒரு சாண் எறங்கியிருக்கு." விரிசல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் தண்ணீர் வராத நாட்களில் மட்டம் அசையாமல் நின்றது. விரிசலுக்கு நாள் பார்க்கத் தெரியாதே! சம்ப்பைக் காலி செய்து உள்ளே இறங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. கட்டிக்கொடுத்தவர்கள், விடியற்காலையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கூடாது என்று, மெட்ரோ குழாயை எல்போ (வளைவுத் துண்டு) போட்டுக் கிட்டத்தட்ட அடித்தளம் வரை இறக்கியிருந்தார்கள். குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் முழுகியே இருந்தது.

தெருவில் சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். அந்த நேரத்தில் யாராவது தெருக்குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சினால் (கூடாது என்று எல்லோருக்கும் தெரியும், நடந்துகொண்டுதான் இருக்கிறது), உள்ளே இழுவிசை உண்டாகும். வாய் முழுகிய குழாய் உறிஞ்சுகுழல் மாதிரிதான். எங்கள் சம்ப்புத் தண்ணீர் தெருவுக்குத் திரும்பிப் போயிருக்கிறது. ஒரு சாண் என்றால் எங்கள் சம்ப்பின் அளவுக்குச் சுமார் 1,200 லிட்டர். தண்ணீர் போனதைவிட, அதில் என்ன போனது என்பதுதான் என்னை உறுத்தியது. கோடையில் அதே சம்ப்பில்தான் லாரித் தண்ணீர் இறக்குவோம். முடை வந்தால் போர் தண்ணீரையும் விடுவோம். அதெல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக் குடங்களுக்குப் போயிருக்கிறது.

இது சின்ன விஷயம் இல்லை. 1933-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த சமயம், இரண்டு விடுதிகளின் குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்து அமீபா வயிற்றுக்கடுப்பு பரவியது. 98 பேர் இறந்தார்கள். பழைய குழாய்களும் தப்பான இணைப்புகளும்தான் காரணம்.

சரி, தடுக்க என்ன வழி? கேட் வால்வைத் தினமும் கையால் மூடலாம். வாட்ச்மேன் அண்ணன் இரண்டு மாதம் மூடினார், அப்புறம் ஊருக்குப் போனார், அவ்வளவுதான். அதை விட்டால் எங்கள் முன்னால் இருந்தவை மூன்று: என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன் வால்வு, நீரைத் திரும்ப விடாதது), ஆர்.பி.இசட். என்கிற பெரிய வால்வு, வெறும் காற்று இடைவெளி. நாங்கள் முதலாவதைப் போட்டுத் தோற்று, மூன்றாவதற்கு வந்தோம். அதனால் இது நடுநிலையான ஒப்பீடு இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாப் பிளம்பர்களும் முதலில் சொல்வது என்.ஆர்.வி.தான். விலை குறைவு, ஒரு மணி நேர வேலை. ஒரு பக்கமாக மட்டும் திறக்கும் கதவு. நீர் திரும்பினால் கதவு சாத்திக்கொள்ளும். இரண்டு வகை உண்டு. ஊஞ்சல் தகடு வைத்தது படுக்கைவாட்டிலோ நீர் மேலே ஏறும் குழாயிலோதான் ஒழுங்காக மூடும். ஸ்பிரிங் வைத்தது எப்படி வைத்தாலும் மூடும், ஆனால் ஸ்பிரிங்கைத் தள்ளவே கொஞ்சம் அழுத்தம் வேண்டும். அழுத்தம் குறைவான தெருவில் அந்தக் கொஞ்சமும் கணக்கில் வரும். நாங்கள் ஊஞ்சல் தகடு வகையில் பித்தளையில் நல்லதாகவே வாங்கினோம். 14 மாதம் வேலை செய்தது.

அதாவது, 14 மாதம் வேலை செய்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 2024-இல் மறுபடி சம்ப் மட்டம் இறங்குவதைக் கவனித்து வால்வைக் கழற்றினோம். தகடு வந்து உட்காரும் இடத்து ரப்பரில் ஓர் அரிசி அளவு சரளைத் துணுக்கு பதிந்திருந்தது. தகடு முழுதாக மூடவில்லை. எத்தனை மாதமாக அப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். என்.ஆர்.வி. கெட்டுப்போனால் எதுவும் தெரியாது. தண்ணீர் வழக்கம்போல வரும். ஒழுகாது, சத்தம் போடாது. வருவதைத் தடுக்காமல் திரும்புவதைத் தடுப்பதுதான் அதன் வேலை. அதனால் அது செத்துப்போனாலும் வீட்டில் ஒருவருக்கும் அசௌகரியம் இல்லை. அசௌகரியம் இல்லாத பழுதை யாரும் சரிசெய்ய மாட்டார்கள். அதோடு விட்டு விட்டு வரும் சப்ளையில் ஒவ்வொரு முறையும் முதல் பத்து நிமிடம் துருவும் மண்ணும் சேர்ந்து வருகிறது. நாள் முழுக்க அழுத்தத்தோடு நீர் ஓடும் குழாயில் ஒரு வால்வு எத்தனை வருடம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது நம் தெருவுக்குப் பொருந்தாது.

சோதிக்க வழி இருக்கிறது. வால்வுக்கு முன்னால், தெருப்பக்கம், ஒரு கேட் வால்வும், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னக் குழாயும் வைக்க வேண்டும். கேட் வால்வை மூடி, சின்னக் குழாயைத் திறந்தால், கொஞ்சம் நீர் வந்து நின்றுவிட வேண்டும். அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் என்.ஆர்.வி. கசிகிறது என்று அர்த்தம். பின்பக்கம் அழுத்தம் இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள். இப்படி ஒரு குழாய் வைத்த வீட்டை நான் எங்கள் பகுதியில் பார்த்ததில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவும் வீட்டையும் பார்த்ததில்லை. இரட்டை என்.ஆர்.வி. போட்டால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று காக்கும் என்பது உண்மை. ஆனால் கழற்றிக் கழுவ இரண்டு வரும், கழுவுவது அதே நாங்கள்தான்.

ஆர்.பி.இசட். வால்வை நான் பயன்படுத்தியதில்லை. ஒரு மருத்துவமனையின் பம்ப் அறையில் பார்த்ததும், பராமரிப்பவரிடம் அரை மணி நேரம் பேசியதும்தான் என் அனுபவம். இரண்டு என்.ஆர்.வி., நடுவே ஓர் அறை, அந்த அறையின் அழுத்தத்தை எப்போதும் தெருப்பக்கத்தைவிடக் குறைவாக வைக்கும் வெளியேற்று வால்வு. ஏதாவது கசிந்தால் நீர் குழாய்க்குள் போகாமல் வெளியே கொட்டிவிடும். கெட்டால் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ரசாயனம் கலக்கக்கூடிய இடங்களுக்கு, நாள் முழுக்க அழுத்தம் இருக்கும் ஊர்களில், இது மிகவும் சரியான சாதனம். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பயிற்சி பெற்றவர் வருடம் ஒருமுறை கருவி வைத்துச் சோதிக்கிறார்.

ஆனால் அது தின்னும் அழுத்தம் சுமார் 0.7 பார். அதாவது ஏழு மீட்டர் உயர நீர்மட்டத்துக்குச் சமம். எங்கள் தெருவில் தண்ணீர் நன்றாக வரும் நாளில் இடுப்பளவு உயரத்தில் வைத்த குழாயில் தானாக ஏறும். ஒரு மீட்டர்கூட முழுதாக இல்லை. அந்த வால்வு எங்கள் வீட்டில் திறக்கவே திறக்காது. போதாததற்கு, வெளியேற்றும் வாய் நீரில் முழுகக் கூடாது என்பதால் குழிக்குள் வைக்கவும் கூடாது. எங்கள் மெட்ரோ இணைப்பு வருவதே குழிக்குள்தான்.

ஆக, காற்று இடைவெளி. பெயரைக் கேட்டால் ஏதோ சாதனம் மாதிரி இருக்கிறது. குழாயின் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைப்பது, அவ்வளவுதான். தொட்டி வழியும் மட்டத்துக்கும் குழாய் வாய்க்கும் நடுவே குறைந்தது குழாய் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. எங்களுடையது ஓர் அங்குலக் குழாய், இரண்டு அங்குலம் போதும். நாங்கள் அரை அடி விட்டோம். தெருவில் யார் எவ்வளவு பெரிய மோட்டார் வைத்து இழுத்தாலும் எங்கள் வீட்டிலிருந்து காற்றைத்தான் இழுக்க முடியும். தேய ரப்பர் இல்லை, சிக்க மணல் இல்லை. சரியாக இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் போதும். வாட்ச்மேன் அண்ணனும் பார்க்கலாம், எட்டாம் வகுப்புப் பையனும் பார்க்கலாம்.

எங்களுக்கு ஒரு வசதி ஏற்கெனவே அமைந்திருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வாசலில் முழங்காலளவு நின்ற வெள்ளம் மூடி வழியாகச் சம்ப்புக்குள் போய்விட்டது. அதற்கப்புறம் சம்ப்பின் வாய்ச்சுவரைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தியிருந்தோம். அந்தச் சுவரில் ஒன்றரை அடி உயரத்தில் மெட்ரோ குழாயை உள்ளே விட்டோம். ஓரடி உயரத்தில் வழிந்தோடும் குழாய். அது சாக்கடையோடு இணையவில்லை, முற்றத்துத் தரையில் எல்லோர் கண் முன்னாலும் விழும். வாயில் கொசுவலை. பால் வால்வு (மிதவை வைத்த வால்வு) அதற்கும் கீழே உள்ள மட்டத்திலேயே நீரை நிறுத்திவிடும். ஒருநாள் அது பழுதானாலும் முற்றம் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நாள் வேலை, பொருளும் கூலியும் சேர்த்து எட்டு வீடும் பகிர்ந்தால் வீட்டுக்கு ஆயிரத்துச் சொச்சம்.

இதிலும் குறைகள் உண்டு. குழாயை மேலே தூக்கியதால் வேகம் குறைந்தது. மூன்று மணி நேரத்தில் சேர்ந்த தண்ணீர் இப்போது சேர மூன்றே முக்கால் மணி ஆகிறது. நான்கு மணி நேரம் விடுகிறார்கள், அதனால் சமாளிக்கிறோம். தரைமட்டத்துக்கே தண்ணீர் ஏறாத தெருக்கள் நகரத்தில் நிறைய. குழி தோண்டி அடிபம்பு வைத்திருக்கும் அங்கெல்லாம் ஒன்றரை அடி உயரம் என்பது நடக்காத காரியம். அங்கே சம்ப்புக்குள்ளேயே நீர்மட்டத்தைத் தாழ்த்தி இடைவெளி உண்டாக்கலாம், கொள்ளளவு குறையும். நான் அதைச் செய்து பார்த்ததில்லை.

வெள்ள நாளில் வழிந்தோடும் குழாயே எதிரியாகிவிடும். அதற்கு ஒரு திருகு மூடி வாங்கி மோட்டார் அறையில் தொங்கவிட்டிருக்கிறோம். அதை மாட்டும் நாளில் மெட்ரோ கேட் வால்வையும் கட்டாயம் மூட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே மட்டம் ஏறி இடைவெளி போய்விடும். சுவரில் பெயிண்டால் எழுதியே வைத்துவிட்டோம்.

அப்புறம் சத்தம். விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் விழுந்தால் தரைத்தளத்து மாமிக்குத் தூக்கம் போகிறது. நியாயமான புகார். பிளம்பர் ஒரு ஹோஸ் துண்டை மாட்டித் தண்ணீருக்குள் விட்டுவிடலாம் என்றார். தயவுசெய்து யாரும் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு முழ ஹோஸ் போதும், செய்த வேலை அத்தனையும் வீணாகிவிடும். நாங்கள் எல்போவைச் சுவர்ப்பக்கம் திருப்பி, நீர் சுவரோடு வழுக்கி இறங்கும்படி செய்தோம். சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. மாமியும் சரி என்றுவிட்டார்.

இதே யோசனையை இன்னோர் இடத்திலும் பயன்படுத்தினோம். மெட்ரோ மோட்டார் கெட்டால் போர் மோட்டாரால் இரண்டு தொட்டியையும் நிரப்பலாம் என்று இரண்டு ஏற்றுக்குழாய்களையும் இணைத்து, நடுவே ஒரு கேட் வால்வும் என்.ஆர்.வி.யும் வைத்திருந்தார்கள். மாடித் தொட்டி 14 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது இரவும் பகலும் 1.4 பார் அழுத்தம் அந்த வால்வின் மேல். சமையலறைத் தண்ணீரில் சில நாட்கள் உப்பு கரித்ததற்கு அதுதான் காரணம் என்பது என் ஊகம், சோதித்து உறுதி செய்யவில்லை. அந்த இடத்தில் ஓரடிக் குழாயை வெட்டி எடுத்து, இரண்டு முனையிலும் யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) வைத்து மூடிவிட்டோம். வெட்டிய துண்டு சுவரில் ஆணியில் தொங்குகிறது. அவசரம் என்றால் எடுத்து மாட்டலாம், ஐந்து நிமிட வேலை. துண்டு ஆணியில் இருந்தால் இணைப்பு இல்லை என்று நிச்சயம்.

காற்று இடைவெளி எடுபடாத ஓரிடம் எங்களிடமும் இருக்கிறது. மெட்ரோ குழாயிலிருந்து சம்ப்புக்கு முன்னாலேயே பிரிந்து வாசலுக்குப் போகும் குழாய். அதில் ஹோஸ் மாட்டிக் கார் கழுவுகிறார்கள், ஹோஸின் நுனி சோப்பு வாளிக்குள் கிடக்கிறது. அதற்குத் திருகி மாட்டும் வேக்குவம் பிரேக்கர் ஒன்று வாங்கினோம். உறிஞ்சல் வந்தால் காற்றை உள்ளே விட்டு அறுத்துவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளும் அழுத்தத்தை அது தடுக்காது. ஹோஸின் நுனியில், அழுத்தினால் மட்டும் நீர் விடும் துப்பாக்கி மாட்டி நாள்கணக்காக அழுத்தத்தில் வைக்கவும் கூடாது. மாட்டி ஐந்து மாதம்தான் ஆகிறது, எத்தனை வருடம் வரும் என்று இப்போது சொல்ல முடியாது. பழைய என்.ஆர்.வி.க்குப் புது ரப்பர் போட்டு அந்தக் கிளைக்கே மாற்றினோம், இந்த முறை சோதனைக் குழாயோடு. தை பிறந்ததும் அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மோட்டார் அறைக் காலண்டரில் குறித்திருக்கிறது.