பழைய காலேஜ் பாஸ்கெட்பால் கேம் வாங்கப் போகிறீர்களா? முதலில் டிஸ்க்கின் படத்தைக் கேளுங்கள்

காலேஜ் ஹூப்ஸ் 2கே8 தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் 85 டாலர் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஒஹையோவில், கொலம்பஸ். மகனுக்கு ஒஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டி பாஸ்கெட்பால் டீம் என்றால் உயிர். அட்டையில் அந்த டீமின் கிரெக் ஓடன் இருக்கும் இந்தக் கேம் 2007இல் வந்தது, அவன் பிறந்தநாளுக்குப் பிளேஸ்டேஷன் 3க்கான டிஸ்க் வேண்டும் என்று ஒரு மாதமாகத் தேடினேன். ஆன்லைனில் பழைய கேம் விற்கும் ஒருவர், ஒரிஜினல், கையேட்டோடு இருக்கிறது, இந்த வருட வீரர்களின் பெயரெல்லாம் டிஸ்க்கிலேயே ஏற்றியிருக்கிறது என்று போட்டிருந்தார். அந்தக் கடைசி வரி அப்பட்டமான பொய். காலேஜ் வீரர்கள் சம்பாதிக்கக்கூடாது என்று அப்போது விதி இருந்ததால் இந்தக் கேமில் நிஜப் பெயரே கிடையாது, ஜெர்சி நம்பர்தான். பெயர்களை ரசிகர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தி ஃபைலாகப் பகிர்கிறார்கள், அது கன்சோலின் ஹார்ட் டிஸ்க்கில்தான் ஏறும். கடையில் விற்ற டிஸ்க்கில் யாரும் புதிதாக எதையும் எழுத முடியாது.

பார்சல் வந்தது. பெட்டி பிளேஸ்டேஷன் 3 பெட்டிதான், ஆனால் அட்டையை உருவிப் பார்த்தால் வீட்டுப் பிரிண்டரில் எடுத்தது, ஈரக் கை பட்டதும் ஓடனின் சிவப்பு ஜெர்சி என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. உள்ளே பிளேஸ்டேஷன் 2 டிஸ்க். ஆரம்பத்தில் வந்த சில பிளேஸ்டேஷன் 3 மாடல்களில் மட்டும்தான் அது ஓடும், எங்களுடையது பின்னால் வந்த ஸ்லிம் மாடல். மகன் துடைத்துத் துடைத்து நாலு தடவை போட்டுப் பார்த்தான், பாவம்.

விற்றவரிடம் கேட்டால், பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று ஒரே பதில், அப்புறம் பதிலே இல்லை.

இவர்கள் பிழைப்பு ஓடுவதே புதுக் காலேஜ் பாஸ்கெட்பால் கேம் இல்லாததால்தான். கடைசியாக வந்தது 2009 நவம்பரில், ஈஏ என்ற கேம் கம்பெனியின் என்சிஏஏ பாஸ்கெட்பால் 10. அதே வருடம்தான் எட் ஓபேனன் என்ற முன்னாள் காலேஜ் வீரர், காலேஜ் விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மீது வழக்குப் போட்டார். 1995இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள யுசிஎல்ஏ யுனிவர்சிட்டிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர், தன்னைப் போலவே 31ஆம் நம்பர் போட்ட இடது கைக்காரர் ஒருவர் கேமில் ஆடுவதைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு காசு வரவில்லையே என்று கேட்டார். அவர் கேட்டது முழு நியாயம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் அதற்கப்புறம் புதுக் கேம் வராததால் நம்மைப் போன்றவர்கள் பழைய டிஸ்க்கைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அதனால் டிஸ்க்கின் இரண்டு பக்கத்தையும், பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய துண்டுச் சீட்டை வைத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள். பணத்தைக் கார்டில் மட்டும் கட்டுங்கள், நான் கார்டு கம்பெனியில்தான் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை.

நேற்று அந்த விற்றவர் விளம்பரத்தில் போட்டிருந்த அதே படம் வேறு பெயரில், 95 டாலருக்கு, மறுபடி வந்திருக்கிறது. பெட்டிக்கு அடியில் நீலத் துண்டு, வலது கீழ் மூலையில் விரிசல். பார்த்தால் வாங்காதீர்கள்.