துக்கத்தை ஆடுவது: கிரகாமா, அக்ரம் கானா?

அமெரிக்க நவீன நடனக் கலைஞர் மார்த்தா கிரகாம் 1930-இல் ஆடிய 'லாமென்டேஷன்' (புலம்பல்) சில நிமிடங்கள்தான். பெஞ்சில் உட்கார்ந்தபடியே, உடம்பைச் சுற்றிய குழாய் போன்ற துணியை முழங்காலும் முழங்கையும் உள்ளிருந்து முட்டித் தள்ள, முகமும் கைகளும் பாதங்களும் மட்டுமே வெளியே தெரியும்; யார் இறந்தார், எந்த ஊர், எதுவும் சொல்லப்படாது. பிரிட்டிஷ் நடனக் கலைஞர் அக்ரம் கானின் 'ஜெனோஸ்' (2018) நேரெதிர். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகச் சண்டையிட்ட இந்தியச் சிப்பாயின் துயரம் அது, ஆடுவதோ கதக்கில் ஊறிய உடம்பு, அதன் சலங்கையே விலங்காக மாறும்போது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. துக்கம் மட்டும் போதுமென்றால், சரி, கிரகாமைப் பாருங்கள். மரபோடு சேர்ந்து பறிபோன மனிதனைப் பார்க்க வேண்டுமா, கானைத்தான் சொல்வேன், அதுவும் தனியாக உட்கார்ந்து, இடையில் நிறுத்தாமல்.