வைரப் பூச்சு பெற்ற பல் துரப்பண முனைகள்: ஓராண்டு அனுபவம்

வேதி ஆவிப் படிவு, அதாவது சி.வி.டி. முறையில் வைரம் பூசப்பட்ட துரப்பண முனைகளை ஓராண்டாக என் சிகிச்சை அறையில் பயன்படுத்தி வருகிறேன். வழக்கமான டயமண்ட் பர்களுக்கு, அதாவது வைரத் துகள் ஒட்டிய சுழலும் துரப்பண முனைகளுக்கு, இவை முழு மாற்றாகா. ஆனால் ஈறோர வேலையில் இவற்றை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

வழக்கமான பரில், எஃகுத் தண்டின் மீது வைரத் துகள்களை ஒற்றை அடுக்காகப் பரப்பி, மின்முலாம் மூலம் நிக்கலைப் படியவைத்து அவற்றைப் பாதி புதைத்து நிறுத்துகிறார்கள். வைரம் தேயும் முன்பே நிக்கலின் பிடி தளர்ந்துவிடுகிறது. சிர்கோனியா என்னும் கடினமான பீங்கானால் ஆன கிரீடம் (பல்லின் மேல் பொருத்தும் உறை) ஒன்றை அறுத்து முடித்த பச்சை வளையப் பரை (பச்சை வளையம் கரடுமுரடான துகளைக் குறிக்கும்) உருப்பெருக்கியில் பார்த்தால், நுனியில் துகள் இருந்த இடமெல்லாம் குழிகளாகவும், இடுக்குகளில் வெண்துகள் அடைந்தும் கிடக்கும். அப்படி மழுங்கிய முனையை அழுத்தித் தேய்க்கும்போதுதான் வெப்பம் ஏறுகிறது. பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக்குழாய்களும் உள்ள பற்கூழின் வெப்பநிலை ஏறத்தாழ 5.5 டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே மீளாச் சேதம் நேரக்கூடும் என்பதால், அத்தகைய பரைத் தூக்கி எறியத் தயங்கவே கூடாது.

சி.வி.டி. முறையிலோ வைரத்தை ஒட்டுவதில்லை, வளர்க்கிறார்கள். ஹைட்ரஜனில் சிறிதளவு மீத்தேன் கலந்து, 2000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய உலோக இழையின் அருகே செலுத்தினால், மீத்தேனிலிருந்து பிரியும் கார்பன் மாலிப்டினம் தண்டின் மீது இடைவெளியற்ற வைரப் படலமாகப் படிகிறது. தண்டு டங்ஸ்டன் கார்பைடு என்றால், அதன் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட்டை மேற்பரப்பிலிருந்து முதலில் அமிலத்தால் நீக்கியாக வேண்டும். இல்லையேல் இடையில் கிராஃபைட் உருவாகிப் படலம் உரியும். எனக்கு வந்த முதல் தொகுதியில் ஒரு முனையின் படலம் மூன்றாவது நோயாளியிடமே செதிலாகப் பெயர்ந்தது. அந்தச் செதில் உறிஞ்சுகுழாயின் வடிகட்டியில் அகப்படும் வரை எனக்கு நிம்மதியில்லை. விற்றவர்கள் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். காரணத்தையும் விளக்கியிருக்க வேண்டும்.

அதற்குப் பின் வந்தவை எதுவும் உரியவில்லை. மீயொலிக் கைக்கருவியில் பொருத்தும்போது முனை சுழலாமல் அதிர்வதால், ஈறில் பட்டாலும் கிழிப்பதில்லை. இரத்தம் கசியாத விளிம்பில் அச்செடுப்பது எவ்வளவு எளிது என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். ஏரோட்டரின், அதாவது காற்றழுத்தத்தால் அதிவேகமாகச் சுழலும் துரப்பணக் கருவியின், கிறீச்சொலி இல்லாததால் குழந்தைகளும் மிரளாமல் வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

வேகம்தான் குறை. பற்சிப்பியை வெட்ட நேரமாகிறது. பொறுமையிழந்து அழுத்தினால் அதிர்வு அடங்கி வெட்டும் நின்றுவிடுகிறது. ஆகவே கிரீடத்துக்காகப் பல்லைச் செதுக்கும் பெருவேலையைப் புதிய பச்சை வளையப் பரால் முடித்து, ஈறை ஒட்டிய கடைசி அரை மில்லிமீட்டருக்கு மட்டும் சி.வி.டி. முனையை எடுக்கிறேன்.