அணுவைக் காட்டும் கருவிகள்: கல்லூரி ஆய்வகத்துக்கு எதை வாங்கலாம், எதைத் தள்ளிப்போடலாம்?

அணு பிளக்க முடியாத கெட்டிக் குண்டு என்றார் டால்டன். அதற்குள் எலக்ட்ரான் இருக்கிறது என்பது 1897இல் ஜே.ஜே. தாம்சனின் ஆய்வால் தெரிந்தது. நடுவே சிறிய அணுக்கரு இருக்கிறது என்று 1911இல் ரூதர்ஃபோர்டு சொன்னார். எலக்ட்ரானுக்கு வரையறுத்த ஆற்றல் மட்டங்கள்தான் உண்டு என்று 1913இல் நீல்ஸ் போர் சொன்னார். பி.எஸ்சி. ஆய்வகத்தில் நான்கைந்து மேசைகள் இருந்தால் இந்தப் பாதை முழுவதையும் மாணவர் தம் கையாலேயே அளந்து பார்த்துவிடலாம். அதற்காக விற்கப்படும் கருவிகளை இங்கே எடை போடுகிறோம். பார்ப்பது இரண்டு விஷயங்கள்: பழைய கருத்து ஏன் நிற்கவில்லை என்பதைக் கருவி காட்டுகிறதா? வரும் எண் நம்பத்தக்கதா?

முதலில் எலக்ட்ரானின் மின்னூட்ட எண், அதாவது மின்னூட்டத்தை நிறையால் வகுத்த அளவு; ஆய்வகப் பேச்சில் ‘இ பை எம்’. இதற்கு இரண்டு வகைக் கருவிகள் கிடைக்கின்றன. ஒன்று, கேத்தோடு கதிர்க் குழாயும் இரண்டு சட்டக் காந்தங்களும் மரத்தாங்கியும் கொண்ட பழைய வகை. மற்றொன்று, சீரான காந்தப்புலம் தரும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இணைக் கம்பிச்சுருள்களுக்கு நடுவே கண்ணாடிக் குமிழ் வைத்தது. மின்புலத்தால் விலகிய கற்றையைக் காந்தப்புலத்தால் மீண்டும் நடுவுக்குக் கொண்டுவருவதால், தாம்சன் செய்ததற்கு முதல் வகையே நெருக்கமானது. ஆனால் சட்டக் காந்தத்தின் புலம் கற்றையின் வழி நெடுகச் சீராக இருப்பதில்லை. சூத்திரமோ சீரான புலம் என்றே வைத்துக்கொள்கிறது. அதனால் விடை எளிதில் பத்து சதவீதத்துக்கு மேல் விலகிவிடும். பணம் இருந்தால் இரண்டாவதையே வாங்குங்கள்.

குமிழுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஹீலியம் இருக்கும். எலக்ட்ரான் மோதும் வழியெல்லாம் வாயு ஒளிர்வதால், கற்றை வளைந்து முழு வட்டமாவதை இருட்டறையில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். இழைக்கு 6.3 வோல்ட் கொடுத்துச் சில நிமிடம் சூடாக விடுங்கள். பிறகு ஆனோடுக்கு 200 வோல்ட் கொடுத்து, சுருளின் மின்னோட்டத்தை மெதுவாக ஏற்றுங்கள். 130 சுற்றும் 15 செ.மீ. ஆரமும் உள்ள சுருளில் 1.5 ஆம்பியர் ஓடினால் புலம் சுமார் 1.17 மில்லிடெஸ்லா. வட்டத்தின் ஆரம் 4 செ.மீ.க்குச் சற்று மேலே வரும். மின்னழுத்தத்தின் இருமடங்கை, புலத்தின் இருமடியும் ஆரத்தின் இருமடியும் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் விடை. வர வேண்டியது 1.76 × 10¹¹ கூலும்/கிலோகிராம்.

இருமடி என்பதுதான் இதில் வினையே. ஆரத்தில் 2 சதவீதம் பிசகினால் விடையில் 4 சதவீதம் பிசகும். அளவுகோலின் பின்னால் கண்ணாடி இல்லாத கருவியை வாங்காதீர்கள். கற்றையையும் அதன் பிம்பத்தையும் ஒரே கோட்டில் பொருத்திப் பார்த்தால்தான் இடமாறு தோற்றப்பிழை போகும். வட்டத்தின் வெளி ஓரத்தையே அளக்க வேண்டும். வாயுவில் மோதி வேகம் குறைந்த எலக்ட்ரான்கள் உள் ஓரத்தில் வருவதே காரணம்.

தமிழ்நாட்டு ஆய்வகங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால், இங்கே புவிக்காந்தப் புலம் பெரும்பாலும் கிடைமட்டமாகவே இருக்கிறது. அளவு ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. சுருளின் அச்சை வடக்கு–தெற்காக வைத்தால் அது நம் புலத்தோடு 3 சதவீதத்துக்கு மேல் கூடும் அல்லது கழியும். விடையில் 7 சதவீதம் போய்விடும். அச்சைக் கிழக்கு–மேற்காகத் திருப்பினால் இந்தத் தொல்லை ஏறக்குறைய தீரும். கருவியோடு வரும் கையேட்டில் இந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு அட்டையில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

ஒரு குறை மட்டும் சரிசெய்ய முடியாதது. தாம்சனின் வாதத்துக்கு உயிர் அவருடைய எண்ணில் இல்லை. குழாயில் காற்றோ ஹைட்ரஜனோ கரியமில வாயுவோ, கேத்தோடு அலுமினியமோ பிளாட்டினமோ, எதை மாற்றினாலும் ஏறக்குறைய அதே எண் வந்தது. எல்லாப் பொருளிலும் ஒரே துகள் இருக்கிறது என்று அவர் துணிந்து சொன்னது அதனால்தான். மூடி ஒட்டிய குமிழில் வாயுவை மாற்ற வழியில்லை. இதை ஆசிரியர்தான் வாயால் சொல்லியாக வேண்டும்.

ஆல்ஃபா துகள்களை அணுக்கரு விலக்கித் தெறிக்கவிடுவதைக் காட்டும் ரூதர்ஃபோர்டு சிதறலுக்கு ஆல்ஃபா மூலமும் வெற்றிட அறையும் வேண்டும். கதிரியக்க மூலத்தை வைத்துக்கொள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளும் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளுக்கு மேடு போன்ற பிளாஸ்டிக் வடிவத்தின் மேல் குண்டு உருட்டும் மாதிரியே போதும். மேட்டின் உயரம் நடுவிலிருந்து உள்ள தொலைவுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெறும் கூம்பு என்றால் கோணப் பரவல் தவறாக வரும்.

ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எங்கள் தேர்வு ஹைட்ரஜன் மின்னிறக்கக் குழாயும் கீற்றணியும்தான் (கீற்றணி என்பது நெருக்கமான கோடுகளால் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் தகடு). நிறமாலைமானி ஏற்கெனவே எல்லா ஆய்வகத்திலும் இருக்கிறது. குழாயும் 5000 வோல்ட் மின்மூலமும் மட்டும் புதிதாக வேண்டும். அங்குலத்துக்கு 15,000 கோடுகள் கொண்ட கீற்றணியில், முதல் வரிசையில் சிவப்பு (656.3 நானோமீட்டர்) 22°48′இலும், நீலப்பச்சை (486.1) 16°41′இலும், ஊதா (434.0) 14°51′இலும் கிடைக்கும். 410.2இல் இருக்கும் நான்காவது கோடு பலருடைய கண்ணுக்கு எட்டாது. அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

கீற்றணியை ஒளிக்குச் செங்குத்தாக நிறுத்தும் படியைத் தவிர்த்துவிட்டு நேரே அளக்கப் போவதால்தான் இடப்பக்கக் கோணமும் வலப்பக்கக் கோணமும் ஒத்துவருவதில்லை. நேர்க்கதிரைப் பார்த்த பின் தொலைநோக்கியை 90° திருப்பிப் பூட்டுங்கள். கீற்றணியில் பட்டுத் திரும்பும் பிளவின் பிம்பம் குறுக்குக் கம்பியில் விழும்வரை மேடையைச் சுழற்றுங்கள். பிறகு மேடையை மட்டும் சரியான பக்கம் 45° திருப்புங்கள். இரு பக்கக் கோணங்களும் சில கலைகளுக்குள் (பாகையில் அறுபதில் ஒன்று ஒரு கலை) ஒத்துவந்தால் அமைப்பு சரி.

அலைநீளத்தின் தலைகீழியை, சிவப்பு, நீலப்பச்சை, ஊதாவுக்கு முறையே 3, 4, 5 ஆகிய எண்களின் இருமடித் தலைகீழிக்கு எதிரே வரைந்தால் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் நிற்கும். கோடு கீழ்நோக்கிச் சாயும்; குறியை விட்டுவிட்டால் சாய்வின் அளவே ரிட்பெர்க் மாறிலி, 1.097 × 10⁷ மீட்டர்⁻¹. பாமர் 1885இல் காரணம் தெரியாமலே கண்ட ஒழுங்கு இது. அந்தக் காரணத்தைப் போர் சொல்ல 28 ஆண்டுகள் ஆயின. மூன்று புள்ளிகளில் ஒரு கருத்து உருவான வரலாறே தெரிகிற வேறு பரிசோதனை இந்தப் பாடத்தில் இல்லை.

குழாயின் ஆயுள் குறைவு. தொடர்ந்து எரியவிட்டால் சூடேறி வாயு கெடும். 30 விநாடி எரியவிட்டு 30 விநாடி அணைப்பது நல்லது. ஒளியின் சிவப்பு வெளுத்துக்கொண்டே போனால் குழாய் முடிவை நெருங்குகிறது என்று பொருள். மூலக்கூறு ஹைட்ரஜனின் மங்கிய கோடுகள் மஞ்சள், பச்சைப் பகுதியில் நெருக்கமாக வரும். அவற்றை பாமர் வரிசை என்று மாணவர் குறித்துவிடக் கூடாது. பிளவைக் குழாயின் நடுவிலுள்ள மெல்லிய பகுதிக்கு நேரே வையுங்கள். மின்மூலத்தை அணைக்காமல் குழாயை யாரும் தொடக் கூடாது. உதிரிக் குழாய் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள்.

போர் சொன்ன ஆற்றல் மட்டங்களை எலக்ட்ரான் மோதலால் காட்டுவது ஃபிராங்க்–ஹெர்ட்ஸ் கருவி: மோதும் எலக்ட்ரான் அணுவை மேல் மட்டத்துக்குக் கிளர்த்தி ஆற்றலை இழக்கும்போதெல்லாம் மின்னோட்டம் விழும், அதனால் வரைபடத்தில் முகடுகள் வரும். இதில் ஆர்கான் குழாய் போதும். 1914இல் அவர்கள் பயன்படுத்திய பாதரசத்தில் முகடுகளின் இடைவெளி 4.9 வோல்ட். ஆனால் அதற்கு அடுப்பும் வெப்பநிலைக் கட்டுப்பாடும் வேண்டும். உடைந்தால் பாதரச ஆவி அபாயம். ஆர்கான் அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும். இடைவெளி 11.5 வோல்ட்டை ஒட்டி வரும். முதல் முகட்டின் இடத்தை அப்படியே கிளர்வு ஆற்றலாக எழுதுவதே இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. மின்முனைகளுக்கு இடையேயான தொடு மின்னழுத்தம் அதை நகர்த்திவிடும். அடுத்தடுத்த முகடுகளின் வித்தியாசத்தையே எடுக்க வேண்டும். மின்னோட்டம் திடீரென எகிறினால் வாயு அயனியாகத் தொடங்கிவிட்டது. உடனே மின்னழுத்தத்தைக் குறைத்து, இழையின் சூட்டையும் தணியுங்கள். அலைகாட்டியில் தானாக வரைந்து காட்டும் வசதி மட்டும் உள்ள கருவி வேண்டாம். மின்னழுத்தத் திருகைக் கையால் திருப்பி, ஒவ்வொரு வோல்ட்டாக ஏற்றிக் குறித்தால்தான் மின்னோட்டம் விழும் இடம் மாணவருக்குப் புரியும்.

இரு தட்டுகளுக்கு நடுவே எண்ணெய்த் துளியை மின்புலத்தால் தூக்கி எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளக்கும் மில்லிகன் எண்ணெய்த் துளிக் கருவியைக் கடைசியாகவே வாங்கச் சொல்வோம். மற்றவை மாதிரி இது ஒரு மணி நேரத்தில் முடியாது. மின்னூட்டம் துண்டு துண்டாகவே வரும் என்பதை நேரில் காட்டுவது இது ஒன்றுதான், ஆனால் ஒளியியல் மட்டமாக இருந்தால் மொத்தமும் வீண். பழைய இழை விளக்கு கருவியின் துளி அறையிலுள்ள காற்றைச் சூடாக்கித் துளிகளைப் பக்கவாட்டில் தள்ளும், எல்.இ.டி. விளக்கு உள்ளதையே எடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தெளிப்பானை ஒரு முறை அழுத்தினால் போதும். மீண்டும் மீண்டும் அழுத்தினால் மேல்தட்டின் துளை எண்ணெயால் அடைபடும்.

பளிச்சென்று தெரியும் பெரிய துளியைத் தேர்ந்தெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதில் மின்னூட்டம் அதிகம் இருக்கும். 14ஆ 15ஆ என்று பிரித்தறிய முடியாது. அரை மில்லிமீட்டர் விழச் சுமார் 15 விநாடி எடுக்கும் மங்கலான துளியைப் பிடியுங்கள். அதன் ஆரம் அரை மைக்ரோமீட்டருக்குச் சற்று மேலே. ஓரிரு எலக்ட்ரான் மின்னூட்டமே அதைத் தூக்கப் போதும். ஆனால் காற்றின் இழுவிசையைக் கணக்கிடும் ஸ்டோக்ஸ் விதி அவ்வளவு சிறிய துளிக்கு அப்படியே பொருந்தாது. அதைச் சரிசெய்யும் கன்னிங்காம் திருத்தத்தை விட்டுவிட்டால் விடை 20 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக வரும். காற்றின் பாகியல் எண்ணையும் அன்றைய அறை வெப்பநிலைக்கு எடுக்க வேண்டும். மில்லிகன் 1913இல் வெளியிட்ட மதிப்பு இன்றைய மதிப்பான 1.602 × 10⁻¹⁹ கூலும்பைவிடச் சற்றுக் குறைந்து நின்றதற்கு, அவர் எடுத்துக்கொண்ட காற்றின் பாகியல் எண்ணே முக்கியக் காரணம்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டியவை: தட்டுகளின் இடைத்தொலைவு எத்தனை மில்லிமீட்டர், அது இரண்டாம் தசம இடம்வரை அளக்கப்பட்டதா, கூட வரும் எண்ணெயின் அடர்த்தி என்ன. எண்ணெய் தீர்ந்ததும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒன்றை ஊற்றினால் அடர்த்தி தெரியாமல் கணக்கு நின்றுவிடும். 10 மில்லிலிட்டர் எடுத்து எடை போட்டு அடர்த்தியைப் புட்டியின் மேலேயே எழுதி வையுங்கள்.