மீன் மட்டும் வாழும் கடல்நீர்த் தொட்டி: பாளையங்கோட்டையில் நான்கு ஆண்டுகள்

2021 ஆகஸ்டில், ஆடிக் காற்று ஓய்ந்த வாரத்தில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் கொண்ட கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்தேன். கல்லும் மணலும் பிடித்த இடம் போக, கீழேயுள்ள வடிகட்டித் தொட்டியையும் சேர்த்தால் ஏறத்தாழ 210 லிட்டர் நீர் நிற்கிறது. பவளமோ கடற்சாமந்தியோ கிடையாது, மீன்கள் மட்டுமே. பத்து ஆண்டுகளுக்கு மேல் நன்னீர் மீன் வளர்த்த பழக்கம் இருந்ததால், உப்பைக் கரைத்துவிட்டால் மற்றவை எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணத்தில் இறங்கினேன். அந்த எண்ணம் எங்கெங்கே பொய்த்தது என்பதை, இதே எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பவளம் வளர்க்க விலை கூடிய விளக்கும், கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஓயாமல் சரிபார்க்கும் உழைப்பும் வேண்டும். மீன்களுக்கு அவை தேவையில்லை; கழிவு சிதைந்து கடைசியில் எஞ்சும் நைட்ரேட் 20, 30 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருந்தாலும் பெரும்பாலான மீன்கள் தாங்கிக்கொள்ளும். இதை வைத்து, மீன் மட்டும் உள்ள தொட்டி எளிது என்று சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. பவளத் தொட்டியில் மீனும் தீனியும் குறைவு. மீன் தொட்டியிலோ தீனி மிகுதி, அதனால் கழிவும் மிகுதி. உள்ளே போவது எவ்வளவு, வெளியே எடுப்பது எவ்வளவு என்ற கணக்குதான் இங்கே சமநிலை. இந்த நான்கு ஆண்டுகளில் நான் பட்ட இடர்களில் பெரும்பாலானவை, எதையோ யோசிக்காமல் உள்ளே விட்டதால் வந்தவை.

முதலில் உப்பு. தூத்துக்குடி உப்பளம் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும்போது எதற்காகப் பெட்டி உப்பை விலை கொடுத்து வாங்குகிறேன் என்று தெருவில் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்விதான். கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளில், உணவு உப்பின் கூறுகளான சோடியமும் குளோரைடும் சேர்ந்து ஏறத்தாழ 85 விழுக்காடு. மீதி மக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் முதலியவை. பாத்தியில் நீர் வற்றும்போது கால்சியச் சேர்மங்கள் முன்னதாகவே படிந்துவிடுகின்றன. அதன்பின் நாம் உண்ணும் உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கசக்கும் மிச்ச நீரோடு வடித்துவிடப்படுகின்றன. உப்பளத்துக்காரரின் கைத்திறனே அந்தக் கசப்பைத் தம் உப்பில் சேரவிடாமல் இருப்பதில்தான் உள்ளது. மீனுக்கோ அதுவும் சேர்ந்துதான் கடல். எனவே தொட்டிக்கென்று செய்யப்பட்ட உப்புக் கலவையை லிட்டருக்கு ஏறத்தாழ 33 கிராம் வீதம் கரைத்து, ஒப்படர்த்தியை (நன்னீரை 1 என்று கொண்டு ஒப்பிடும் அடர்த்தி; உப்பு கூடினால் இதுவும் கூடும்) 1.023-இல் வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 லிட்டர் மாற்றுவதற்கு ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல் செலவாகிறது.

என் மனைவியின் ஊர் உவரி என்பதால் கடல்நீரையே கொண்டுவந்தும் பார்த்தேன். மைத்துனர் வள்ளத்தில் போகும்போது கரையிலிருந்து தள்ளி, எண்ணெய் படாத நீராகப் பார்த்து, கேன்களில் பிடித்துத் தருவார். இருட்டில் இரண்டு வாரம் மூடிவைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடிந்து அடியில் படிந்த பிறகு மேல்நீரை மட்டும் எடுக்க வேண்டும். முதல் ஆறு மாதம் இது நன்றாகவே நடந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு பிடித்த நீரை அளந்தபோது 1.020 கூட இல்லை; கரைக்கடலில் மழைநீரும் ஓடைநீரும் கலந்திருந்தன. அளக்காமல் ஊற்றியிருந்தால் மீன்கள்தான் அந்த மழையை அனுபவித்திருக்கும். இருபது லிட்டர் கேன்களை மாடிப்படியில் ஏற்றிய என் முதுகின் கருத்தையும் கேட்டுக்கொண்டு பெட்டி உப்புக்கே திரும்பினேன்.

கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தூத்துக்குடி உறவினர் ஒருவர், கரையில் கிடக்கும் பவளக்கல்லைச் சாக்கு நிறைய அனுப்பட்டுமா என்று அன்போடு கேட்டார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளது. செத்த பவளம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் அந்தக் கல்லை வெட்டிவெட்டியே தூத்துக்குடிப் பக்கத் தீவுகள் கரைந்த கதையை அவரே அறிவார். நான் துளைகள் நிறைந்த செயற்கைக் கல்லையே அடுக்கினேன். திசையன்விளைத் தேரி மணலை அழகுக்காகப் பரப்பலாமே என்று ஒருவர் சொன்னார். அந்தச் சிவப்பே இரும்பு ஆக்சைடு என்பதால் அதையும் விட்டுவிட்டேன்.

நீரும் கல்லும் அமைந்த பின் மீன் வாங்காமல் காத்திருந்த 38 நாட்கள்தான் வீட்டில் கேலிக்கு உரியவையாக இருந்தன. உரித்த இறால் ஒன்றைப் போட்டு அழுகவிட்டேன். அம்மோனியா ஏறியது, அதைத் தின்னும் பாக்டீரியா பெருகியபின் அது இறங்கி நைட்ரைட் ஏறியது, பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் மட்டும் எஞ்சியது. நன்னீர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு இங்கே மிகவும் கூடுதல். கெண்டை தாங்கிய அளவைக் கடல்மீன் தாங்காது. நைட்ரைட்டைப் பொறுத்தவரை கடல்நீரின் குளோரைடு மீனுக்கு ஓரளவு காப்பாக நிற்கிறது என்பது ஓர் ஆறுதல்.

உண்மையான சோதனை நம் ஊர் வெயில்தான். 2022 மே மாதத்தில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தாண்டியது. 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும்; கடல்நீர் 6.2 அளவில்தான் பிடிக்கும். பகலில் ஒன்றும் தெரியவில்லை. விடிகாலையில் மீன்கள் மேல்மட்டத்தில் நின்று வேகமாகச் செவுளடித்தன. நீர்மட்டத்தை நோக்கி இரண்டு சிறு மின்விசிறிகளை வைத்ததில் மூன்று டிகிரி வரை குறைந்தது. கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் இந்த உத்தி அவ்வளவு எடுபடாது. மலைக்கு இந்தப்பக்கம் ஆனி, ஆடியில் அடிக்கும் உலர்ந்த காற்றில் நன்றாகவே வேலை செய்கிறது.

ஆனால் குளிர்ச்சிக்கு விலை நீர். அந்தக் காற்றில் நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் வரை ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே இருக்கிறது. நான்கு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் 20 லிட்டர் குறைந்து, 1.023 என்பது 1.025-ஐத் தாண்டிவிடும். எனவே ஈடுசெய்ய ஊற்ற வேண்டியது உப்புநீர் அன்று, நல்ல நீர். தாமிரபரணித் தண்ணீரின் சுவையில் எனக்குக் குறையில்லை; ஆனாலும் குழாயில் வரும்போது அதில் குளோரின் இருக்கும், அதனோடு வேறு கரைசல்களும் இருக்கும் என்பதால் ஆர்.ஓ. நீரையே ஊற்றுகிறேன். (ஆற்றின் பெயரிலேயே தாமிரம் இருப்பதால்தான் பயப்படுகிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மீன் மட்டும் உள்ள தொட்டிக்குத் தாமிரம் சில வேளை மருந்தாகவே வரும். அதைப் பின்னால் சொல்கிறேன்.)

தினமும் கையால் ஊற்றச் சோம்பி, மிதவை வால்வு பொருத்தி 25 லிட்டர் கேனை இணைத்தேன். ஒருநாள் மிதவையின் தண்டில் உப்புப் பூத்து அது சிக்கிக்கொள்ள, கேன் முழுவதும் ஒரே இரவில் இறங்கிவிட்டது. ஒப்படர்த்தி 1.020-க்கு அருகில் வந்து நின்றது. மீன்களுக்குக் கெடுதல் ஒன்றும் நேரவில்லை. பவளம் இருந்திருந்தால் கதை வேறு. அதன்பின் 10 லிட்டருக்கு மேற்பட்ட கேனை அந்த வால்வோடு இணைப்பதில்லை. வால்வு கெட்டாலும் கெடுதல் பத்து லிட்டரோடு நிற்கும்.

2023 கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லர் ஒன்று வாங்கினேன். அது நீரிலிருந்து எடுக்கும் வெப்பத்தை அறைக்குள்ளேயே கக்கும் என்பது வாங்கிய மறுநாள்தான் உறைத்தது. இப்போது அதை வெளித்திண்ணையில் வைத்து, சன்னல் வழியே குழாய் இழுத்திருக்கிறேன். நூல்கள் 25 டிகிரி என்று சொன்னாலும் நான் 28-இல் நிறுத்துகிறேன். மன்னார் வளைகுடாவின் மேல்நீரே ஆண்டின் பெரும்பகுதி அதை ஒட்டித்தான் இருக்கிறது. மின்சாரம் போனால் ஏறும் தூரமும் குறைவு.

மீன்களுக்கு வருவோம். முதலில் வந்தவை இரண்டு ஓசெலாரிஸ் கோமாளி மீன்கள், குஞ்சுபொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் கோமாளி மீன்களை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யும் நுட்பத்தை உருவாக்கியுள்ளதால், நம் பக்கத்தில் இவற்றைத் தேடுவது கடினமன்று. அடைப்பில் பிறந்தவை குருணைத் தீனியை முதல் நாளே எடுக்கின்றன. கடலில் பிடித்த மீனுக்கு அதைப் பழக்க வாரங்கள் ஆகும். கடலில் இவை ஒட்டி வாழும் கடற்சாமந்தி இல்லாமலே இங்கே நலமாக வாழ்கின்றன. இரண்டில் பெரியது பெண்ணாகிவிட்டது. இரவில் கற்சந்துக்குள் இரண்டும் ஒட்டிக்கொண்டு உறங்குகின்றன.

மீன் விஷயத்தில் முதல் தவற்றை மைத்துனர் அன்பளிப்பாகக் கொண்டுவந்தார். "அத்தான், கொழம்பு வைக்காம மீனைப் பாத்துக்கிட்டே இருக்கிய, இதையும் சேத்துப் பாருங்க" என்று, பாறைக் குட்டையில் பிடித்த கட்டைவிரல் அளவு சார்ஜன்ட் மேஜர் குஞ்சு ஒன்றைப் பையில் நீட்டினார். மஞ்சள் முதுகும் கருங்கோடுகளுமாக அதன் அழகில் மயங்கிவிட்டேன். ஆறு மாதத்தில் அது தொட்டியின் ஒரு பாதியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு, கோமாளிகளின் வாலைக் கடித்துக் கிழித்தது. இவ்வகை மீன் 20 சென்டிமீட்டர் வரை வளரும் என்பதை முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பிடிப்பதற்குள் கற்கள் அனைத்தையும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது. வேறு ஒருவரின் ஆறடித் தொட்டிக்கு அனுப்பினேன்.

இரண்டாவது தவறுதான் பெரியது. 2022 நவம்பரில் வாங்கிய குள்ள ஏஞ்சல் மீன் ஒன்றைத் தனித்தொட்டியில் வைக்காமல் நேரே விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் வெண்புள்ளிகள் தெரிந்தன. இந்த ஒட்டுண்ணி மீனின் தோலில் சில நாட்களே இருக்கிறது; பிறகு உதிர்ந்து கல்லிலும் மணலிலும் கூடு கட்டி, அங்கே பல மடங்காகப் பெருகி, மீண்டும் மீனைத் தேடி நீந்துகிறது. புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று நான் மகிழ்ந்தது இந்த இடைவெளியில்தான். இரண்டாம் அலையில் ஐந்தில் மூன்று மீன்கள் போயின. எஞ்சிய இரண்டு கோமாளிகளை வெறும் கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி, தினமும் அளந்து அளந்து தாமிர மருந்து கொடுத்தேன். பெரிய தொட்டியிலேயே மருந்தை ஊற்றலாமே என்று தோன்றும். சுண்ணச்சத்துள்ள மணலும் கல்லும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்வதால் அளவு நிற்காது. பெரிய தொட்டியைப் பத்து வாரம் மீனின்றி ஓடவிட்டு, பாக்டீரியா பட்டினி கிடக்காதபடி கிள்ளுத் தீனி மட்டும் போட்டுவந்தேன். இப்போது எந்த மீனானாலும் நான்கு வாரம் தனித்தொட்டி உண்டு.

தீனியைப் பற்றிச் சொன்னால் என் அம்மாவைச் சொல்லாமல் முடியாது. நான் காலையில் போடும் ஒருவேளைத் தீனி போதாதென்று, நான் அலுவலகம் போனபின் "வாயில்லாச் சீவன்" என்று அம்மா இன்னும் இரண்டு வேளை போட்டுவந்திருக்கிறார்கள். நைட்ரேட் 80-ஐத் தொட்டு, கண்ணாடியெல்லாம் பாசி படர்ந்தபோது, காரணம் தெரியாமல் இரண்டு மாதம் கருவிகளைச் சந்தேகித்தேன். ஏழு சிறு டப்பாக்களில் நாளுக்கு ஒன்றாகப் பிரித்து அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். தீனி போடுவது இனி அவர்கள் பொறுப்பு, காலி டப்பாவை நிரப்புவது என் பொறுப்பு. மூன்று மாதத்தில் நைட்ரேட் 25-க்கு வந்தது. வேறெதையும் நான் மாற்றவில்லை.

கருவிகளில் காசுக்கு மதிப்புள்ளது ஸ்கிம்மர். நுண்குமிழிகளில் ஒட்டும் புரதக் கழிவை நுரையாக மேலேற்றி, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் கிண்ணத்தில் சேர்க்கிறது; அதன் நாற்றமே, அது தொட்டிக்குள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லிவிடும். விளக்குக்குச் சாதாரண எல்.இ.டி. போதும். வருந்தி வாங்கிய பொருள் இரும்புத் தாங்கி: சாயம் பூசியிருந்தும் இரண்டாம் ஆண்டில் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இப்போது தொட்டி செங்கல் தூணும் கடப்பாக்கல்லுமாக நிற்கிறது. சுவிட்சுப் பலகையைத் தொட்டிக்கு மேலேயோ பக்கத்திலேயோ வைக்காதீர்கள். உப்பு அங்கேயும் பூக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய அந்த மழையில், எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் இரவோடு தீர்ந்தது. தூண்டில்காரர்கள் உயிர் இரைக்கு வைத்திருக்கும் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றே துணை. தீனியை அறவே நிறுத்தினேன். மழைக்குளிரில் நீர் 26 டிகிரிக்கு இறங்கியதும் நல்லதாயிற்று. மின்சாரம் வந்ததும் மூடிய வடிகட்டியை ஓடவிடாமல், அதிலிருந்த நீரைக் கொட்டிக் கழுவிய பிறகே இணைத்தேன். மூன்று நாள் காற்றில்லாமல் கிடந்த அந்த நீர் அழுகிய முட்டை போல நாறியது. அதை அப்படியே ஓடவிட்டிருந்தால் வெள்ளத்துக்குத் தப்பிய மீன்கள் வடிகட்டியால் செத்திருக்கும்.

பம்புகள், ஸ்கிம்மர், விளக்கு எல்லாம் சேர்ந்து நாளுக்கு ஏறத்தாழ இரண்டு யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 120 யூனிட் என்றால், இலவசமாகக் கிடைக்கும் நூறையும் தொட்டியே குடித்துவிடுகிறது. கோடையில் சில்லர் தனி. இதை வீட்டில் முன்னதாகவே பேசிக்கொள்வது நல்லது.

இன்று தொட்டியில் இருப்பவை அதே இரண்டு கோமாளிகள், ஒரு மஞ்சள்வால் டாம்சல், ஒரு பிளென்னி, ஒரு குள்ள ஏஞ்சல். ஆறாவதாக ஒன்றுக்கு இடம் இருப்பதாகவே தெரிகிறது. பார்ப்பவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நைட்ரேட் 25-இல் நிற்பது ஐந்து மீனுக்கான கணக்கு என்பதால் வாங்கவில்லை. மைத்துனரிடமும், அடுத்த முறை பை கொண்டுவந்தால் அதில் குழம்புக்கு மட்டும் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.